பின்சக்கரத்தில் துருவிய கிழங்கு

அந்த யோசனை எனக்கு வந்தபோது என் வலது கட்டைவிரலின் தோல் கொஞ்சம் மரவள்ளிக் கிழங்கோடு சேர்ந்து துருவப்பட்டிருந்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால், அத்தாப்பு ஓலைக் கொட்டகைக்குள், தோட்டத்து லோரியின் வலதுபக்கப் பின்சக்கரம் தரையைத் தொடாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா அந்தப் பக்கத்தைக் கட்டைகள் வைத்துத் தூக்கி நிறுத்திவிட்டு எஞ்சினைச் சோதித்துக்கொண்டிருந்தார். சக்கரம் வேலையில்லாமல் சுற்றுகிறது, நான் ஓய்வில்லாமல் தேய்க்கிறேன். சக்கரத்துக்கு வலிக்கவில்லை, எனக்கு வலிக்கிறது. யோசனை அவ்வளவுதான். மற்றதெல்லாம் தகரமும் ஆணியும்.

நம் வயதுக்காரர்களுக்கு மரவள்ளியைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. ஜப்பான்காரன் காலத்தில் காலையில் அவித்த கிழங்கு, மத்தியானம் கிழங்குக் கூழ், ராத்திரி கிழங்கு ரொட்டி. மாறுதல் வேண்டுமென்றால் விரதம். இன்றைக்குப் பேரப்பிள்ளைகள் அதையே ஈப்போக் கடைகளில் வாங்கி, தேங்காய்ப்பூவும் சீனியும் தூவி ஆசையாகச் சாப்பிடுகிறார்கள். அந்த நேரத்தில் நீங்களும் என்னைப் போலவே எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றுகொள்வீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் நம்மில் சாப்பிட்டவர்கள்தான் அதிகம், துருவியவர்கள் குறைவு. மண்ணெண்ணெய் டின்னை வெட்டி விரித்து, ஆணியால் நெருக்கமாக ஓட்டை குத்தி, சொரசொரப்பான பக்கம் மேலே வரும்படி பலகையில் அடித்தால் அதுதான் துருவி. ஒரு கூடை கிழங்கைத் துருவி, பிழிந்து, தண்ணீரில் தெளியவைத்து மாவெடுக்க ஒரு பகல் போய்விடும். அது அம்மாவின் வேலையும் என் வேலையும். எனக்கு அப்போது பதினோரு வயது. நான்கு வகுப்பு தமிழும், ஜப்பான்காரன் வந்த பிறகு கொஞ்சம் ஜப்பான் பாஷையும் படித்திருந்தேன். இவ்வளவு படித்தவள் இந்த வேலையைச் செய்வதா என்ற எண்ணம் எனக்கு உண்டு. அம்மாவுக்கு அந்த எண்ணம் இல்லை.

லோரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ரப்பர்த் தோட்டம் ஈப்போவிலிருந்து பன்னிரண்டாம் கட்டையில், அதாவது பன்னிரண்டாவது மைலில், சுண்ணாம்பு மலைகளுக்கு இந்தப் பக்கம் இருந்தது. அப்பா தோட்டத்து லோரி டிரைவர், மெக்கானிக்கும் அவர்தான். வெள்ளைக்காரத் துரை சிங்கப்பூருக்கு ஓடும்போது தன் காரில் நாயையும் பாட்டுப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு, லோரியை மட்டும் ஜப்பான்காரன் கையில் கிடைக்காதபடி உடைத்துப் போட்டுவிடச் சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்கு உடைக்க மனம் வரவில்லை. கழற்றினார். கழற்றியதை வீடெங்கும் ஒளித்தார். கார்புரேட்டர் மிளகாய்ப் பானைக்குள் போயிற்று. பிளக்குகள் சாமி மாடத்தில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றன. அம்மா விளக்கேற்றும்போது அவற்றுக்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினாள். டைனமோவைக் கோழிக் கூடைக்கடியில் வைக்கோல் போட்டு மூடி வைத்தார். ஒரு வெடைக்கோழி அதன்மேல் மூன்று வாரம் அடைகாத்தது. ஒன்றும் பொரிக்கவில்லை என்று அது கடைசிவரை எங்கள் குடும்பத்தின்மேல் கோபமாகவே இருந்தது.

பிறகு ஜப்பான் ஆபீசர் வந்தார். குட்டையான மனிதர், வட்டக் கண்ணாடி, முழங்கால் வரை பூட்ஸ். கூடவே கிராணி. துரைக்குக் கணக்கு எழுதிய அதே கிராணிதான்; இப்போது சட்டையில் ஒரு வெள்ளைத் துணித்துண்டைக் குத்திக்கொண்டு, கற்ற கொஞ்சம் ஜப்பானை வைத்து மொழிபெயர்ப்பாளராகிவிட்டார். லோரியின் எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு, இது ஏன் ஓடவில்லை என்று ஆபீசர் கேட்டார். ரிப்பேர் ஆகிக்கொண்டிருக்கிறது என்றார் அப்பா. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நாங்கள் ஒரு வருஷம் பிழைத்தோம்.

ஏனென்றால், ஆபீசர் சைக்கிளில் ஏறிப் போன பிறகு கிராணி பின்தங்கி நின்று அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னார்.

"டிரைவரு, நல்லா கேட்டுக்க. லோரி ஓடுச்சின்னா லோரியும் நீயும் சேந்து சயாமுக்கு. அங்க ரயில் ரோட்டுக்கு டிரைவருங்க வேணுமாம். லோரி ஓடவே ஓடாதுன்னு சொன்னேன்னு வெச்சிக்க, நீ மட்டும் சயாமுக்கு, மம்பட்டியோட. எது வசதின்னு நீயே பாத்துக்க லா."

எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து சயாம் ரயில் பாதை வேலைக்கு ஏற்கெனவே ஆட்கள் போயிருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் முதல் பட்டியலிலேயே போனவர். மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். எட்டு மாதமாகியும் ஒரு தகவலும் இல்லை. அக்கா தினமும் அவருடைய வேட்டியைத் துவைத்து, காயவைத்து, மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயந்திரம் அப்பா வெற்றிலை போடாமல் உட்கார்ந்திருந்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார். லோரி ஓடக் கூடாது. ஓடாமலும் இருக்கக் கூடாது. ரிப்பேரிலேயே இருக்க வேண்டும்.

இது லேசான வேலை இல்லை. ஆபீசர் பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவார். ஒவ்வொரு முறையும் ஏதாவது முன்னேற்றம் காட்டியாக வேண்டும். அதே சமயம் முன்னேறிவிடவும் கூடாது. முதலில் ஹாரன். ஆபீசரே கையை நீட்டி மூன்று முறை அடித்துப் பார்த்தார். அடுத்தது முன்விளக்கு. அடுத்தது கண்ணாடி துடைக்கும் துடைப்பம். வெயிலில், துளி மழை இல்லாத நாளில், அது இடமும் வலமுமாகப் போய் வருவதை அவர் நின்று வெகுநேரம் பார்த்தார். அவர் தலை மறைந்ததும் அப்பா ஒன்றைக் கழற்றி மிளகாய்ப் பானைக்குள் போடுவார். அடுத்த தடவை, போனமுறை இருந்த அது எங்கே என்று கேட்டால், அதுதான் ரிப்பேர்.

இதற்கு நடுவே பருவம் நிற்குமா? அது ரப்பர்க் காய் வெடிக்கிற காலம். மத்தியான வெயில் ஏறியதும் மரங்களில் காய்கள் பட்பட்டென்று வெடிக்கும். கொட்டை வந்து கொட்டகையின் தகரப் பக்கத்தில் விழும். ஒவ்வொரு சத்தத்துக்கும் அப்பா எஞ்சினில் என்னவோ உடைந்துவிட்டதென்று குனிந்து பார்ப்பார். மழை தொடங்குமுன் கிழங்குப் பாத்திகளுக்கு வாய்க்கால் வெட்ட வேண்டும். பழைய பால்மரங்களை வெட்டிக் கரி சுட வேண்டும்; பெட்ரோல் கிடையாதே, லோரிக்குப் பின்னால் ஒரு பீப்பாயைக் கட்டி அதில் கரியை எரித்து, அந்தப் புகையில்தான் எஞ்சின் ஓட வேண்டும். இதெல்லாம் போதாதென்று காட்டுப்பன்றிகள். விடியற்காலையில் அவை கிழங்குக்கு வரும்போது அப்பா எழுந்து போய் லோரி ஹாரனை அடிப்பார். சுருக்கமாகச் சொன்னால், அந்த லோரி பன்றி விரட்டியது, அதன் பின்தட்டில் கிழங்கு வற்றல் காய்ந்தது, பானட்டின்மேல் எங்கள் துணிகள் உலர்ந்தன, டிரைவர் இருக்கையில் வெடைக்கோழி முட்டையிட்டது. ஓடுவதைத் தவிர எல்லா வேலையும் செய்தது.

இந்த நிலையில்தான் ஆபீசர், ஹாரனும் விளக்கும் போதும், எஞ்சின் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்றார். அப்பாவுக்கு வேறு வழியில்லை. கேட்க வைத்தார். ஆபீசர் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் கேட்டார். என்னவோ சொன்னார். கிராணி அதை மொழிபெயர்க்கவில்லை, புரியவில்லை போலிருக்கிறது. எனக்குப் பாதி புரிந்தது. 'நல்ல சத்தம்' என்றார். பிறகு சொன்னதைக் கிராணி மொழிபெயர்த்தார். அடுத்த தடவை லோரி கொட்டகையைவிட்டு வெளியே வர வேண்டும்.

அன்று சாயந்திரம்தான் அப்பா சக்கரத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, எதைக் கழற்றினால் எஞ்சின் ஓடியும் லோரி நகராது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்போதுதான் என் கட்டைவிரல் துருவப்பட்டது.

விரலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அப்பாவிடம் சொன்னேன். சக்கரத்தைச் சுற்றித் தகரத்தைக் கட்டிவிட்டால் கிழங்கு தானாகத் துருவப்படும். ஆபீசரிடம் காட்டினால், லோரி ஓடுகிறது, வேலையும் செய்கிறது, ஆனால் எங்கும் போகவில்லை. அப்பா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

"பொட்டப்புள்ளைக்கு எஞ்சின்ல என்ன யோசனை? ராணுவத்துச் சாமான்ல கெழங்கு சீவுனேன்னு தெரிஞ்சா சயாமுக்குக்கூட அனுப்ப மாட்டான். இங்கயே வெச்சி சீவிருவான்."

நான் அம்மாவிடம் போனேன். அம்மாவுக்கு எஞ்சின் தெரியாது. ஆனால் கூடை தெரியும். ஒரு கூடை எவ்வளவு நேரத்தில் முடியும் என்று மட்டும் கேட்டாள். வெற்றிலை மெல்லும் நேரத்தில் என்றேன். கையில் இருந்த துருவியைக் கீழே வைத்தாள்.

மறுநாள் அப்பா வாய்க்கால் வெட்டப் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் கொட்டகைக்குள் நுழைந்தோம். மூன்று டின் தகரத்தை ஆணியால் குத்தி, டயரைச் சுற்றிக் கம்பியால் கட்டினோம். பீப்பாயில் கரியைப் போட்டு விசிறினோம். எஞ்சினைக் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பியது அம்மா. அம்மி அரைத்த கை, இரண்டாவது சுற்றிலேயே கிளம்பிவிட்டது. கோழியைத் தள்ளிவிட்டு இருக்கையில் ஏறியது நான். கால் எட்டாததால் கிளச்சின்மேல் நின்றே விட்டேன். அப்பா எப்போதும் முதலில் போடுவது ஒன்றாம் கியர்தான், பார்த்திருக்கிறேன். போட்டேன்.

அம்மா சக்கரத்துக்குப் பின்னால் குந்தி ஒரு கிழங்கை நீட்டினாள். கிழங்கு காணாமல் போயிற்று. காணாமல் போன கிழங்கு முழுவதும் அடுத்த நொடி கீழிருந்து மேலே பீய்ச்சி அம்மாவின் முகத்திலும் தலையிலும் அத்தாப்புக் கூரையிலும் போய் ஒட்டிக்கொண்டது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது கிழங்கை நீட்டினாள். கம்பி அறுந்தது. தகரம் பறந்து போய், குலை தள்ள இருந்த வாழைமரத்தை நடுவில் வெட்டிப் போட்டது. நான் எஞ்சினை நிறுத்தி இறங்கியபோது, மம்பட்டியைத் தோளில் வைத்தபடி அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

வாழைமரத்தைப் பார்த்தார். வெள்ளையாக நின்ற அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"யாரு கியர் போட்டது?"

"நான்தாம்ப்பா."

"எந்த கியர்?"

"ஒண்ணு."

நான் கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"ரிவர்ஸ்ல போடணும். அப்பத்தான் சக்கரம் பின்பக்கத்துல மேலருந்து கீழ வரும், மாவு தொட்டியில விழும். நாலு வகுப்பு படிச்சி என்ன பிரயோசனம்?"

அப்பா அப்படிப்பட்டவர். தப்பான காரியத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வார். தப்பான கியரில் செய்வதைப் பொறுக்க மாட்டார். அன்று சாயந்திரமே கம்பிக்குப் பதில் போல்ட் போட்டார். பலகையில் ஒரு சரிவுப் பெட்டி செய்து, கிழங்கைக் கையால் தொடாமலே சக்கரத்தில் போய் உராயும்படி வைத்தார். கீழே ரப்பர்ப் பால் ஊற்றும் பழைய தொட்டி. ரிவர்ஸில் போட்டதும் மாவு மழை மாதிரி அதற்குள் விழுந்தது. வெற்றிலை மெல்லும் நேரம் என்று நான் சொன்னது பொய். அப்பா இன்னும் பாக்கைக்கூட வெட்டி முடிக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா தன் கூடையோடு வந்து நின்றாள். நான்கு நாளில் லயம் முழுவதும் வந்து நின்றது.

ஆனால் ஆபீசருக்குக் காட்டுவதில் அப்பா அசையவில்லை. அவர் வரும் நாளில் தகரத்தின்மேல் கோணிச் சாக்கைப் போட்டு மூடிவிட வேண்டும். கியர்ப் பெட்டியில் பல் உடைந்துவிட்டது, எஞ்சின் ஓடும், லோரி நகராது என்று சொல்லிவிட வேண்டும். இன்னும் பதினைந்து நாள் கிடைக்கும். பெரியவர்கள் பதினைந்து நாளைக்கு மேல் யோசிக்காத காலம் அது.

இந்தத் திட்டம் பலித்திருக்கும், ஆயுத பூஜை மட்டும் நடுவில் வராமல் இருந்தால்.

ஆபீசர் வர இன்னும் மூன்று நாள் இருந்தது. அம்மா அரிவாள், மம்பட்டி, பால்கத்தி, துருவி எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தாள். லோரிக்கும் வைக்க வேண்டுமென்றாள். ஓடாத லோரிக்கு எதற்கென்று அப்பா கேட்டார். ஊருக்கெல்லாம் மாவு அரைத்தது யார் என்று அம்மா கேட்டாள். சரி, வைத்துக்கொள் என்றார். பானட்டில் பட்டை போட்டு, முன்னால் வெட்டுப்பட்ட அந்த வாழையின் கன்றையே கட்டி, நான்கு சக்கரத்துக்கு முன்னாலும் நான்கு எலுமிச்சை வைத்தாள். வைத்துவிட்டு, ஏற்றுங்கள் என்றாள்.

நமக்கெல்லாம் தெரிந்ததுதான். எலுமிச்சையின்மேல் சக்கரம் ஏறி நசுக்கினால்தான் பூஜை முடிந்தது. அப்பா முடியாதென்றார். கல்லை வைத்து நசுக்கிக்கொள்ளச் சொன்னார். அம்மா பிளக் இருந்த மாடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். ஜப்பான்காரனுக்குப் பயப்படுகிற மனிதர் சாமிக்கு அதைவிட ஒரு பிடி அதிகம் பயப்படுவார். அம்மாவுக்கு அது தெரியும். கொஞ்ச நேரத்தில் அப்பா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தகரத்தைக் கழற்றி, கட்டையை எடுத்து, சக்கரத்தை இறக்கி, லோரியைச் சரியாக ஒரு முழம் முன்னே விட்டார். நான்கும் பச்சென்று நசுங்கின. ஒரு முழம் பின்னே எடுத்தார். மறுபடி தூக்கினார், கட்டையை வைத்தார், தகரத்தைப் போட்டார், சாக்கால் மூடினார். நசுங்கியதைக் கூட்டித் தள்ளப் போனவரை அம்மா தடுத்தாள். பூஜையன்று கூட்டக் கூடாது.

அரைமணி நேரத்தில் சடக்கு ரோட்டில் சைக்கிள் மணி கேட்டது. சயாம் பட்டியல் முன்கூட்டியே போக வேண்டுமாம். ஆபீசர் மூன்று நாள் முன்னதாக வந்துவிட்டார்.

சந்தனமும் குங்குமமும் வாழைக்கன்றுமாக நின்ற லோரியை அவர் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அப்பா கியர்ப் பெட்டியின் உடைந்த பல்லைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். கிராணி மொழிபெயர்க்கத் தொடங்கினார். ஆபீசர் கேட்டுக்கொண்டே வந்து முன்சக்கரத்துக்கு எதிரே நின்றார். நசுங்கிய எலுமிச்சை. அடுத்த சக்கரம், நசுங்கிய எலுமிச்சை. மூன்றாவது. பிறகு வலதுபக்கப் பின்சக்கரத்துக்கு வந்தார். சக்கரம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அந்தரத்தில் நின்றது. அதன்கீழே நான்காவது எலுமிச்சை, அப்பளம் மாதிரி, டயரின் கோடுகள் அப்படியே பதிந்து கிடந்தது.

ஆபீசர் குனிந்து, சக்கரத்துக்கும் எலுமிச்சைக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தார். கை தாராளமாகப் போய் வந்தது.

அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். கிராணி அதற்குப் பிறகும் இரண்டு வாக்கியம் மொழிபெயர்த்தார். காட்டில் எங்கோ ஒரு ரப்பர்க் காய் வெடித்தது. பட்டியல் இருந்த தோல்பை ஆபீசரின் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மடித்து வைத்த வேட்டி ஒன்று என் கண்முன்னே வந்தது. அது அப்பாவுடையதாக இருந்தது.

நான் ஓடிப் போய்ச் சாக்கை இழுத்தேன். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த ஜப்பான் பாஷையில் 'பாருங்கள், தயவுசெய்து' என்றேன். அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது அது ஒன்றுதான். அதன் பிறகு எனக்கு ஒன்று இரண்டு மூன்றுதான் தெரியும். அம்மா கிழங்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் அப்பா கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இருக்கையில் ஏறினார். எலுமிச்சை நசுக்க எரித்த கரி இன்னும் அணையவில்லை, எஞ்சின் கிளம்பிவிட்டது. ஆபீசர் நன்றாகப் பார்ப்பதற்காகச் சக்கரத்துக்கு நேர் பின்னால் வந்து, முழங்காலில் கையூன்றிக் குனிந்தார். அம்மா பெட்டியில் கிழங்கைப் போட்டாள். அப்பா, இருபது வருஷம் லோரி ஓட்டிய அப்பா, பழக்கத்தில் ஒன்றாம் கியரைப் போட்டார்.

தொப்பியிலிருந்து பூட்ஸ் வரை ஒரு இடம் பாக்கியில்லை. வெள்ளையாக ஒரு ஆள் நின்றார். கிராணி மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா எஞ்சினை நிறுத்தவும் மறந்துபோய் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணைச் சுற்றி மட்டும் இரண்டு வட்டம் சுத்தமாக இருந்தது. கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, லோரியின் முன்பக்கம் போனார். அப்பாவைக் கையசைத்து இறங்கச் சொன்னார். அவர் ஏறினார். கோழியை ஒருமுறை பார்த்தார், கோழி அவரை ஒருமுறை பார்த்தது. கியரை ரிவர்ஸில் போட்டார். இறங்கி வந்து, கூடையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்துப் பெட்டியில் போட்டார். மாவு மழை மாதிரி தொட்டிக்குள் விழுந்தது. இன்னொன்று போட்டார். கூடை தீரும்வரை அவரே போட்டார்.

பிறகு பையைத் திறந்து பட்டியலை எடுத்து, இரண்டு இடத்தில் அடித்து, ஒரு தனிக் காகிதத்தில் ஏதோ எழுதி, அதைக் கிராணியிடம் கொடுத்தார். கிராணி உட்கார்ந்தபடியே எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இது இனிமே லோரி இல்லயாம். கெழங்கு மிஷினாம். மிஷின் எங்கயும் போவாதாம். அதப் பாத்துக்கிறவனும் எங்கயும் போவ வேணாமாம்." காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "கெழங்கு இருக்கிற வரைக்கும்தான் லா, டிரைவரு. அதையும் எழுதியிருக்காரு."

போகும்போது ஆபீசர் நின்றார். குனிந்து அந்த நான்காவது எலுமிச்சையைத் தரையிலிருந்து உரித்தெடுத்து, மூக்கில் வைத்து முகர்ந்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நல்லா ஏமாத்திட்டோம் என்று அப்பா கடைசிக் காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாண வீடுகளில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும். நான் மறுத்துப் பேசியதில்லை. ஆனால் இப்போது, அந்த ஆபீசரைவிட எனக்கு வயது கூடிவிட்ட பிறகு, வேறு மாதிரி தோன்றுகிறது. ஏறிய மாத்திரத்தில் சரியான கியரைக் கண்டுபிடித்த மனிதருக்கு, எலுமிச்சை எப்படி நசுங்கியது என்றா தெரியாது? எஞ்சின் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டவருக்கு, எது ரிப்பேர் எது நடிப்பு என்றா தெரியாது? யார் யாரை ஏமாற்றினார்கள் என்பது எனக்கு இன்னும் தீரவில்லை. அவர் நல்லவர் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் பெயரும் அவருடைய பட்டியலில்தான் இருந்தது. போனவர் திரும்பவேயில்லை. அக்கா தன் கிழங்கை எங்கள் சக்கரத்தில் துருவிக்கொண்டு போவாள். மாவு நைசாக இருக்கிறது என்பாள்.

பூஜை முடிந்து மூன்று வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. தோட்டம் முழுவதும் கிழங்கைப் பிடுங்கித் தள்ளியாகிவிட்டது. மிஷின் நாங்கள் நினைத்ததைவிட வேகமாகத் தின்றுவிட்டது. புதிதாக நட்டது முற்ற எட்டு மாதம் ஆகும். கிழங்கு இருக்கிற வரைக்கும்தான் என்று எழுதிய காகிதம் சாமி மாடத்தில், முன்பு பிளக்குகள் நின்ற இடத்தில் இருந்தது. கடைசிக் கூடை துருவி முடிந்த மறுநாள் காலை, அப்பா கொட்டகையில் லோரிக்கு எதிரே குந்தியிருந்தார். கூரையில் மழை. நான் போய்ப் பக்கத்தில் குந்தினேன்.

"மேட்டு லயத்துல ராகி அறுத்துட்டாங்க" என்றார், என்னைப் பார்க்காமல். "அதையும் யாராச்சும் அரைச்சித்தான ஆவணும்." இடதுபக்கத்தைக் கையால் காட்டி, "அந்தப் பக்கத்துச் சக்கரம் சும்மாத்தான இருக்கு?"

நான் எழுந்து போய், நான்கு நாளாகக் கரிக் குவியலுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த திரிகைக் கல்லை உருட்டிக்கொண்டு வந்தேன். அப்பா அதைப் பார்த்தார். எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை.

"கல்லு படுத்துக்கிட்டுச் சுத்தணும். சக்கரம் நின்னுக்கிட்டுச் சுத்துது. எப்பிடி?"

"ரப்பர்ப் பட்டைய ஒரு முறுக்கு முறுக்கி மாட்டிக்கலாம்ப்பா. ரெண்டு சக்கரத்தையும் தூக்கிட்டா வேகம் பாதியாயிரும். ராகிக்கு அது போதும்."

அப்பா தாடையைச் சொறிந்தார். ஜாக்கியை இழுத்து இடதுபக்கம் வைத்தார். இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நிறுத்தினார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"எந்த கியர்ல போடலாங்கிற?"